காகிதமா, வாட்ஸ்அப்பா, ஆள்விட்டுச் சொல்வதா: வருடக் கடைசித் தகவல் வீடு போய்ச் சேர என்ன வழி?

போன வருடம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் எட்டுப் பேர் கும்மி ஆடினார்கள். ஏழு பேர் பச்சைப் பாவாடை, ஒருத்தி மட்டும் பள்ளிச் சீருடை. பாவாடை விஷயத்தை ஐந்து நாள் முன்னாடியே வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன், அவளுடைய அப்பா பார்த்துவிட்டுக் கட்டைவிரலும் உயர்த்தியிருந்தார். அப்பா இருப்பது திருப்பூரில், பனியன் கம்பெனி வேலை, அம்மாவும் அங்கேதான். பிள்ளை இங்கே பாட்டி வீட்டில், பாட்டி கையில் இருப்பது பட்டன் போன். மேடைக்குப் பின்னால் பிள்ளை அழுததைக்கூட எப்படியோ சமாளித்துவிட்டோம், ஆனால் "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா பக்கத்து வீட்டுலயாச்சும் வாங்கிக் கட்டிவிட்டிருப்பேனே டீச்சர்" என்று பாட்டி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால் இந்த வருடம் பிப்ரவரியிலேயே உட்கார்ந்து, எங்களிடம் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டுப் பார்த்தேன். முதலில் எங்கள் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எடுத்த முடிவு உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியாது. புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஈராசிரியர் பள்ளி, 58 பிள்ளைகள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று கழித்துப் பார்த்தால் 41 வீடு. இதில் பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைசீவி அனுப்புகிறவர் கையிலேயே வாட்ஸ்அப் போன் இருப்பது 23 வீட்டில்தான். மற்ற வீடுகளில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது, இல்லை காலேஜ் படிக்கிற சித்தப்பாவிடம் இருக்கிறது, இல்லை பட்டன் போன். ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளிடமே கேட்டு இந்தக் கணக்கை எடுத்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை, "உங்க வீட்டுல போன் யாருகிட்ட இருக்கும்?" என்ற ஒரே கேள்விதான். இதை வருடத் தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம்.

பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் தகவல் தளமான எமிஸைத் திறந்தால் 41 வீட்டுக்கும் எண் இருக்கிறது, அது வேறு கதை. 2024இல் பெற்றோர் எண்களை ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னபோது பட்ட பாடு இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று பேங்க்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பழக்கிவைத்திருக்கிறார்கள், நாங்கள் போன் போட்டு அதையே கேட்டால் யார் சொல்வார்கள்? ஒருவழியாகச் சரிபார்த்த எண்களிலும் சில, 28 நாள் ரீசார்ஜ் போட முடியாமல் போய், இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்தில் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தால் மலைப்பாக இருந்தது. ஆண்டு விழா, அதற்கு ஒத்திகை, யாருக்கு என்ன உடை. குழுப் போட்டோ. மூன்றாம் பருவத் தேர்வு. ஐந்தாம் வகுப்புக்குப் பிரிவு விழா, அவர்களுக்கு டி.சி., ஆறாவதுக்கு எந்தப் பள்ளி என்ற பேச்சு. புது அட்மிஷன். கடைசி வேலை நாள். நடுவில் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு, பால்குடம், பங்குனி உத்திரம். ஆனால் வீட்டிலிருந்து என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதில் எதுவும் கிடையாது. "நாளைக்கு மத்தியானம் சாப்பாடு உண்டா டீச்சர்?" என்பதுதான். நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போகிற அம்மாவுக்கு அதுதான் பெரிய விஷயம், பிள்ளை பன்னிரண்டரைக்கே வீடு திரும்பிவிடுமா, திரும்பினால் பானையில் சோறு இருக்க வேண்டுமா, சாவியை யாரிடம் கொடுப்பது என்று காலையிலேயே தெரிந்தாக வேண்டும். நாம் அடிக்கிற அறிவிப்பில் "சிறப்பு விருந்தினர்" பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், சாப்பாடு உண்டா என்பது இருக்காது.

அப்புறம், ஏப்ரல் மாதத் தேதி எதையும் கல்லில் வெட்டியது போல நம்ப முடியாது. 2024இல் ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல், பள்ளிக்கூடங்கள்தான் வாக்குச்சாவடி. அதே சமயத்தில் ரம்ஜானும் வந்ததால் 4 முதல் 9ஆம் வகுப்பு வரைக்கும் ஏப்ரல் 10, 12 தேதிகளில் இருந்த தேர்வை 22, 23க்குத் தள்ளினார்கள். 2025இல் நேர் எதிர்: வெயில் கொளுத்துகிறது என்று 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஏப்ரல் 9இல் தொடங்க வேண்டிய தேர்வு 7ஆம் தேதிக்கே வந்து, 17இல் முடிந்தது. ஒரு வருடம் பின்னால் போகிறது, மறு வருடம் முன்னால் வருகிறது. பின்னால் போனால் பெரிய நஷ்டமில்லை, வந்து பார்த்துவிட்டுப் பிள்ளை திரும்பிப் போகும். முன்னால் வந்தால் தகவல் கிடைக்காத பிள்ளை குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு இருக்கும்.

ஆக, தகவல் மூன்று தினுசு. முன்கூட்டியே தெரிந்து அப்படியே நிற்பது. ராத்திரியோடு ராத்திரியாக மாறுவது. வீட்டிலிருந்து ஒரு பதிலோ பொருளோ திரும்பி வர வேண்டியது. எந்த வழியையும் இந்த மூன்றிலும் போட்டுத்தான் பார்த்தேன், கூடவே அந்தப் பாட்டியையும் மனதில் வைத்துக்கொண்டு.

வாட்ஸ்அப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லாரும் முதலில் ஓடுவது அங்கேதான். காசு இல்லை, வேகம், போட்டோ போடலாம், குரலில் பேசி அனுப்பலாம். ராத்திரி எட்டு மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மாற்றம் வந்தால் எட்டு ஐந்துக்கு 23 வீட்டுக்குப் போய்விடும், இந்த இடத்தில் வேறு எந்த வழியும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் குழுவை எல்லாரும் பேசுகிற மாதிரி திறந்துவைத்திருந்த காலத்தை நினைத்தால் இன்றைக்கும் தலை சுற்றுகிறது. விடிந்தால் ரோஜாப்பூவோடு காலை வணக்கம், மதியம் யாரோ கடன் ஆப் லிங்க், தேர்தல் நேரத்தில் இரண்டு தெருக்காரர்கள் கட்சிச் சண்டை, இதற்கெல்லாம் அடியில் என்னுடைய தேர்வு அட்டவணை புதைந்து கிடக்கும். அதைவிட மோசம் ஒன்று நடந்தது. குழுவில் இருந்தால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும் அல்லவா, ஒரு அம்மாவுக்கு வேண்டாத போன் வர ஆரம்பித்து, அவர் யாரிடமும் சொல்லாமல் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. வெளியேறுகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான் என்பதைக் கவனியுங்கள், நமக்கு வேண்டியவர்களே அவர்கள்தான்.

நிர்வாகி மட்டும் செய்தி போடலாம் என்ற வசதி 2018லிருந்தே இருக்கிறது, நாங்கள் மிகத் தாமதமாகத்தான் மாற்றினோம். சத்தம் அடங்கியது, எண் தெரிவது மட்டும் அப்படியே இருக்கிறது. அதோடு யாரும் குழுவில் கேள்வி கேட்க முடியாததால் அத்தனை பேரும் தனித்தனியாக என்னிடம் கேட்கிறார்கள், ஒரே கேள்வி பதினைந்து தடவை. அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம், இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டால் உடனே பதிலைக் குழுவில் பொதுவாகப் போட்டுவிடுவது.

எண் தெரியாமல் அனுப்ப வேண்டுமானால் பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறதே என்று பக்கத்துப் பள்ளி சார் சொன்னார். ஒரு பட்டியலில் 256 பேர், எங்களுக்குத் தாராளம். சிக்கல் என்னவென்றால் என் எண்ணைத் தங்கள் போனில் சேமித்துவைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போகும், சேமிக்காதவருக்குப் போகாது. சேனல் என்று 2023இல் வந்ததையும் பார்த்தேன்: எண் வெளியே தெரியாது, நல்லதுதான், ஆனால் செய்தி வந்து விழுகிற இடம் வேறு பக்கம், ஸ்டேட்டஸ் இருக்கிற பக்கம், அங்கே போய்ப் பார்க்கிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கிற கம்யூனிட்டி எல்லாம் பத்து வகுப்பு, இருபது செக்ஷன் உள்ள பள்ளிக்கு; எங்களுக்கு எதற்கு?

வாட்ஸ்அப்பில் நான் மெச்சுகிற ஒரே விஷயம் குரல் பதிவு. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்கள், கண்ணாடி இல்லாத தாத்தாக்கள், எல்லாருக்கும் அது போகும். நாற்பது விநாடிக்குள் இருக்க வேண்டும், முதல் வார்த்தையிலேயே யாருக்கு என்று சொல்லிவிட வேண்டும்: "நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைங்க வீட்டுக்கு மட்டும்." நான் ஒருமுறை வணக்கம் சொல்லி, வெயிலைப் பற்றிப் பேசி, தண்ணீர் பாட்டில் கொடுத்துவிடச் சொல்லி, விஷயத்துக்கு வருவதற்குள் இரண்டு நிமிடம் ஆகிவிட்டது, முழுதாகக் கேட்டவர் யாரும் இல்லை.

திருத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேதி மாறினால் பழைய செய்தியை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது பலருக்கும் வழக்கம். செய்யாதீர்கள். எல்லாருக்குமாக அழிக்க இரண்டு நாளும் கொஞ்சமும்தான் அவகாசம், போட்டதைத் திருத்த வேண்டுமானால் பதினைந்தே நிமிடம், அதற்குள் யாராவது அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருப்பார்கள். "மாற்றம்" என்று முதல் வார்த்தையாகப் போட்டு, பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் எழுதுவதுதான் சரி. நோட்டீஸைப் போட்டோ எடுத்துப் போட்டால் அதன் மேலேயே அனுப்பிய தேதியையும் எழுதிவிடுங்கள், எங்கள் குழுவில் போன வருடத்து விழா அழைப்பிதழ் இந்த ஜனவரியில் ஒரு சுற்று சுற்றி வந்தது.

எஸ்எம்எஸ் பக்கம் சீக்கிரம் போய்விட்டு வருகிறேன். பட்டன் போனுக்கும் போகும் என்பதால் எனக்கு முதலில் ஆசையாக இருந்தது. தமிழில் அடித்தால் ஒரு செய்திக்கு 70 எழுத்துதான், ஆங்கிலத்துக்கு 160. அதிலும் நாம் எண்ணுகிற எழுத்து வேறு, போன் எண்ணுகிற எழுத்து வேறு: "பள்ளி" நமக்கு மூன்றெழுத்து, புள்ளியையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுவதால் போனுக்கு ஐந்து. "நாளை ஆண்டு விழா, மாலை 4 மணி, பச்சைப் பாவாடை" என்று எழுதுவதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். ஏதாவது ஒரு கம்பெனி மூலம் மொத்தமாக அனுப்பலாம் என்றால், தொலைத்தொடர்பு ஆணையமான ட்ராயின் 2018 விதிப்படி அனுப்புகிறவர் பெயர், செய்தியின் வாசகம் எல்லாவற்றையும் டிஎல்டி என்கிற போன் கம்பெனிகளின் பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும், அது ஈராசிரியர் பள்ளி தலைமையாசிரியர் உட்கார்ந்து செய்கிற காரியமா? சொந்த சிம்மிலிருந்து அனுப்பினாலும், பட்டன் போன் வைத்திருக்கிற வீடுகளில் செய்திப்பெட்டி முழுக்க ரீசார்ஜ் விளம்பரம், யாரும் திறப்பதே இல்லை, சில பழைய போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எஸ்எம்எஸ்ஸை விட்டுவிட்டேன்.

தனி ஆப் பற்றி இன்னும் சுருக்கமாக: பீஸ் கட்டுவதே ஆப் வழியாக என்று இருக்கிற தனியார் பள்ளிகளில் அது ஓடும், வேறு வழியில்லாமல் திறந்துதானே ஆக வேண்டும். அரசுப் பள்ளியில் கடைசி இரண்டு மாதத்துக்காக 41 வீட்டில் போய் ஆப் ஏற்றி பாஸ்வேர்ட் சொல்லிக்கொடுக்க நான் தயாராக இல்லை.

இனி காகிதம். இதைப் பழைய காலத்து வழி என்று நான்கூட ஒதுக்கித்தான் வைத்திருந்தேன். பிள்ளை பாக்கெட்டில் போட்டால் வீடு போவதற்குள் கப்பலாகிவிடும், பையில் போட்டால் சோற்றுத் தட்டோடு சேர்ந்து ஊறிவிடும், இதெல்லாம் உண்மைதான். ஆனால் காகிதத்துக்கு ஒரு குணம் உண்டு, அது போன் வைத்திருப்பவரிடம் போகாமல் பிள்ளை வைத்திருப்பவரிடம் போகிறது. பிள்ளை எந்த வீட்டில் தூங்குகிறதோ அந்த வீட்டுக்குத்தான் துண்டுத்தாளும் போகும், திருப்பூருக்குப் போகாது. இதை யோசித்த பிறகுதான் எப்படிக் கொடுத்தால் பிழைக்கும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

ஒன்று, அளவு. எங்கள் ஊர் வீடுகளில் சுவரில் மாதக் காலண்டர் தொங்கும், நகைக்கடையோ உரக்கடையோ கொடுத்தது. கேஸ் மாற்றிய தேதி, பால் கணக்கு, குழுக் கடன் கட்டும் நாள், மாடு சினைக்கு விட்ட தேதி, எல்லாம் அதன் மேல்தான் எழுதியிருக்கும். அந்தக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுகிற மாதிரி அரைத்தாள் போதும், ஒரு ஏ4இல் இரண்டு வரும், ஜெராக்ஸ் செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டவில்லை. இரண்டு, தேதி எழுதும் விதம். "27.03" என்று போட்டால் பாட்டிகளுக்கு அது எண் மட்டும்தான். கிழமையை முதலில் எழுதி, பக்கத்தில் ஊர்க் கணக்கையும் போட்டேன்: "பால்குடத்துக்கு மறுநாள்", "பங்குனி உத்திரத்துக்கு முந்தின புதன்". யாரும் மறுபடி வந்து கேட்கவில்லை. மூன்று, யார் கையில் கொடுப்பது. அண்ணன் தம்பி படித்தால் மூத்தவன் கையில்தான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் கப்பல் உறுதி. தனியாக வருகிற ஒன்றாம் வகுப்புக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டியே அனுப்பினேன்.

நான்காவது, அடிக்காத தாள். நாலாவது, அஞ்சாவது பிள்ளைகளைக் கரும்பலகையிலிருந்து அவர்களே எழுதிக்கொண்டு போகச் செய்தேன், கையெழுத்துப் பயிற்சியும் ஆயிற்று. ஜெராக்ஸ் தாளைவிட அதை வீட்டில் கவனமாகப் படிக்கிறார்கள், நம் பிள்ளை எழுதியதாயிற்றே. தப்பும் வரும். ஒரு பையன் "மாறுவேடப் போட்டி" என்பதை "மாறுவேட ரொட்டி" என்று எழுதிக்கொண்டு போய், அவன் அம்மா மறுநாள் என்ன ரொட்டி டீச்சர் என்று கேட்டார்.

காகிதத்தின் பலவீனம் வெளிப்படையானது: போய்விட்ட பிறகு மாற்ற முடியாது. அதனால் அதில் மாறாத விஷயங்களை மட்டும்தான் எழுத வேண்டும், தேர்வுத் தேதியை எழுதியே ஆக வேண்டும் என்றால் பென்சில் மாதிரி எழுத வேண்டும், "மாறலாம், மாறினால் பிள்ளையிடமும் போனிலும் சொல்வோம்" என்று பக்கத்திலேயே. பதில் திரும்பி வர வேண்டிய விஷயங்களுக்கும் காகிதம்தான் எனக்கு நன்றாக வேலை செய்தது. அடிப்பகுதியை (கிழித்தாள் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்) கிழித்துக் கையெழுத்தோ கைரேகையோ போட்டு அனுப்பச் சொன்னால் மூன்றாம் நாள் எத்தனை வந்திருக்கிறது, யாருடையது வரவில்லை என்று கையில் எண்ணிவிடலாம். வராத வீடு எது என்று தெரிவதுதான் இதில் கிடைக்கிற லாபம். நீல டிக்கை எண்ணி நான் ஏமாந்தது போதாதா?

ஆள்விட்டுச் சொல்வது என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அதில்தான் ஆச்சரியம் மிச்சம். பள்ளி மேலாண்மைக் குழு எதற்கு இருக்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கி, டீ கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். இந்த வருடம் பிப்ரவரிக் கூட்டத்தில் தெருவைப் பிரித்துக் கொடுத்தேன்: மேலத்தெருவுக்கு ஒருவர், காலனிக்கு இரண்டு பேர், தோப்பு வீடுகளுக்கு ஒருவர். ஒருவருக்குப் பத்து வீடு போல. நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க்கரையில் அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அங்கே கேள்வியும் கேட்கலாம், பதிலும் கிடைக்கும், "பாவாடை இல்லாட்டி என்ன செய்யுறது" என்று ஒருத்தி கேட்டால் "எங்கிட்ட ரெண்டு இருக்கு, வந்து வாங்கிக்க" என்று இன்னொருத்தி அங்கேயே முடித்துவிடுவாள். எந்தப் போனில் இது நடக்கும்?

அவர்களைவிட நம்பகமானவர்கள் காலை உணவு சமைக்கிற இரண்டு பேர், மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள். 2023 ஆகஸ்ட் 25இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் காலை உணவு வந்ததிலிருந்து அவர்கள் தினமும் விடியற்காலையில் ஊருக்குள் நடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள், வழியில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்பது எங்களைவிட அவர்களுக்குத் தெரியும். ராத்திரி வந்த மாற்றத்தை வாட்ஸ்அப் இல்லாத வீட்டுக்குக் கொண்டுபோக அவர்களைவிட்டால் ஆள் இல்லை. ஆனால் அது அவர்கள் வேலை கிடையாது, சம்பளத்தில் சேராதது, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் கேட்பது நியாயமில்லை.

வாய்வழிச் செய்திக்கு உள்ள நோய் எல்லாருக்கும் தெரிந்ததுதான், நாலு மணி என்று சொன்னது மேலத்தெருவில் நாலரையாகி, தோப்புக்குப் போகும்போது அஞ்சாகிவிடும். துண்டுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னால் கொஞ்சம் குறைகிறது. தண்டோரா போடலாமே என்று ஒரு பெரியவர் சொன்னார், அதை 2022இலேயே நிறுத்தச் சொல்லிவிட்டது அரசாங்கம், நிறுத்தியதும் நல்லதுதான். கோயில் மைக்கில் சொல்லிப் பார்த்தோம், பாட்டுக்கு நடுவில் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

போன் போட்டு நேரடியாகப் பேசுவது எல்லாவற்றையும்விட உறுதி. 41 வீட்டுக்கும் மூன்று நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல், தேர்வு நேரத்தில் அது நடக்காது. கிழித்தாள் திரும்பி வராத வீட்டுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஆறேழு போன், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

இரண்டு விஷயத்தை மட்டும், எந்த வழியானாலும், குழுவில் போடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒன்று பணம். குழுப் போட்டோவுக்கு யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று பட்டியல் போடுகிற பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன், நிலுவை என்று பெயர் வந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கே வராது. இன்னொன்று விழா வீடியோ. ஆடுகிற பிள்ளையின் வீடியோ ஒரு மணி நேரத்தில் யார் ஸ்டேட்டஸில் போகும் என்று சொல்ல முடியாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் வருடத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அது எங்கள் சின்னப் பள்ளிவரை எப்படி வரும் என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நான் கிழித்தாளிலேயே "போட்டோ, வீடியோ போடலாம் / வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். நாலு வீடு வேண்டாம் என்று கோடு போட்டது, அதில் ஒன்று பஞ்சாயத்துத் தலைவர் வீடு.

சென்னை, கோயம்புத்தூர் மாதிரி ஊர்களில் அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்கு வருகிற வீடு என்றால் என் கணக்கைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். அங்கே பையைத் திறக்கவே நேரமிருக்காது, துண்டுத்தாள் மாதக் கணக்கில் உள்ளேயே கிடக்கும். நிர்வாகி மட்டும் பேசுகிற குழு, அதில் வாரம் ஒரே ஒரு செய்தி, ஞாயிறு சாயங்காலம். லீவு எழுதிப்போட வேண்டியவர்கள் அவர்கள், அதனால் விழாத் தேதியை ஒரு மாதம் முன்னாடியே கேட்பார்கள், எங்கள் ஊரில் ஒரு மாதம் முன்னாடி சொன்னால் மறந்துபோகும், பத்து நாள்தான் சரி. பக்கத்துப் பள்ளியில் செங்கல் சூளை வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள், அங்கே தமிழ்த் துண்டுத்தாளும் உதவாது, தமிழ் குரல் பதிவும் உதவாது, ஓரளவு தமிழ் பேசுகிற மூத்த பிள்ளைதான் எல்லாம்.

எங்களுடைய முடிவு இப்படி. விழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஒரே அரைத்தாள், மார்ச்சிலும் ஏப்ரலிலும் மாறாத எல்லாம் அதில், அடியில் கிழித்தாள். வாட்ஸ்அப் குழுவில் அதன் போட்டோ ஒருமுறை, அதற்குப் பிறகு மாற்றம் இருந்தால் மட்டும் செய்தி, ராத்திரி எட்டரைக்கு மேல் எதுவும் கிடையாது. வாட்ஸ்அப் இல்லாத 18 வீட்டுக்கு மாற்றத்தைத் தெரு ஆட்கள் சொல்வார்கள், கிழித்தாள் வராத வீட்டுக்கு நான் போன் போடுவேன். ஐந்தாம் வகுப்பு டி.சி. விஷயம் மட்டும் இதில் எதிலும் சேராது, அதற்கு அந்தந்த வீட்டு ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் பேசுகிறேன், பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் அலைய வேண்டியது அவர்கள்தான்.

தாளின் வாசகம் கேட்டிருந்தார்கள் இரண்டு பேர், அப்படியே தருகிறேன்:

"வெள்ளிக்கிழமை (பால்குடத்துக்கு மறுநாள்) மாலை 4 மணி, ஆண்டு விழா. அன்றைக்குக் காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் பள்ளியில் உண்டு. மத்தியானம் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். விழா முடிய ஏழு மணி ஆகும், பிள்ளையைக் கூட்டிப் போக ஒருவர் வர வேண்டும். ஆடுகிற பிள்ளைகளுக்குப் பாவாடை வேண்டும். புதிதாக வாங்க வேண்டாம். இல்லாதவர்கள் செவ்வாய்க்குள் டீச்சரிடமோ தெரு ஆளிடமோ சொல்லுங்கள். தேர்வுத் தேதி மாறலாம், மாறினால் சொல்லிவிடுவோம்."

தாள் போன மறுநாள் காலை, சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கும்போதே பாட்டி பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார். தாளை நாலாக மடித்துச் சுருக்குப் பைக்குள் வைத்திருந்தார். "எல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டேன் டீச்சர். பாவாடைன்னு போட்டிருக்கே, என்ன கலருன்னு போடலியே?"

வாங்கிப் பார்த்தேன். போடவில்லைதான். மஞ்சள் பாட்டி, என்றேன்.